மராகேஷ் ஜமா எல்-ஃப்னா சதுக்கத்தில் நடந்தே படம் எடுப்பது: காசு, நேரம், வெளிச்சம் பற்றிச் சொல்லுங்கள்

செம்பூர் ஃப்ரேம்

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் நானும் தங்கையும் மொராக்கோ போகிறோம். வளைகுடா வழியாகக் காசாபிளாங்கா, அங்கிருந்து ரயிலில் மராகேஷ். அதற்கப்புறம் ஊர் ஊராக ஓடுகிற திட்டமெல்லாம் கிடையாது. பழைய ஊருக்குள் ஒரு ரூம் எடுத்து, காலையும் சாயங்காலமும் ஜமா எல்-ஃப்னா சதுக்கத்திலும் அதற்கு வடக்கே இருக்கிற சூக் கடைச் சந்துகளிலும் நடந்து நடந்து படம் எடுப்பதுதான் ஆசை.

நம் மும்பை தாதர் பூ மார்க்கெட்டில் விடிகாலையில் போய் எடுத்துப் பழக்கம் உண்டு. அங்கே நம்மை யாரும் சட்டை செய்வதில்லை. சாமந்தி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவர் "பாஜூ, பாஜூ" (ஒதுங்கு, ஒதுங்கு) என்று முழங்கையால் ஒதுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார், நம் கையில் இருப்பது கேமராவா கத்தரிக்காயா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. மராகேஷ் அப்படி இல்லையாம். கேமராவைத் தூக்கினாலே கை நீண்டுவிடுமாம், காசு கொடுக்காவிட்டால் பின்னாலேயே வந்து சத்தம் போடுவார்களாம். இணையத்தில் ஒருவர் சொர்க்கம் என்கிறார், இன்னொருவர் இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்கிறார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கேட்பது, எந்த நேரத்தில் எங்கே நிற்பது? கையில் ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா, 35 எம்எம் லென்ஸ். 70-200 எம்எம் ஜூம் லென்ஸ் ஒன்றும் இருக்கிறது, அதையும் தூக்கிக்கொண்டு போகலாமா? இரண்டு பெண்கள் ராத்திரி பத்து மணி வரை அங்கே இருக்கலாமா? அப்புறம், மேலேயிருந்து எடுத்தால் அந்தப் புகையும் விளக்கும் பிரமாதமாக வரும் என்று ஆபீஸ் நண்பர் தன் ட்ரோனைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அதையும் சொல்லிவிடுங்கள்.

மாட்டுங்கா மாமா

ட்ரோனை நண்பரிடமே விட்டுவிடம்மா. முன் அனுமதி இல்லாமல் மொராக்கோவுக்குள் ட்ரோன் கொண்டுபோக முடியாது, விமான நிலையத்திலேயே சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மேலேயிருந்து எடுக்க வேண்டுமானால் சதுக்கத்தைச் சுற்றி மாடிக் காபிக் கடைகள் இருக்கின்றன, ஒரு புதினா டீ வாங்கினால் போதும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே போய்க் கோபித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் எல்லோரும் இதில்தான் சிக்குகிறார்கள். அந்தச் சதுக்கத்தில் வேஷம் கட்டி நிற்கிற ஒவ்வொருவரும் வேலையில் இருக்கிறார்கள். சிவப்பு உடுப்பு, குஞ்சம் தொங்கும் அகலத் தொப்பி, மார்பில் வரிசையாகப் பித்தளைக் கிண்ணம் என்று மணியடித்துக்கொண்டு வருவாரே, கெர்ராப் என்கிற தண்ணீர்க்காரர், ஒரு காலத்தில் அவரிடம் தோல் பையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். இன்றைக்கு யார் குடிக்கிறார்கள்? அவர் பிழைப்பே படத்துக்கு நிற்பதுதான். க்னாவா இசைக்காரர்களும் அப்படித்தான், மருதாணி போடுகிற பெண்களும் அப்படித்தான். இந்தச் சதுக்கத்தின் வாய்மொழிக் கலைகளை யுனெஸ்கோ 2001-இல் அறிவித்து 2008-இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அந்தக் கலைகளுக்குச் சோறு போடுவது சுற்றி நிற்கிற கூட்டம் போடும் சில்லறை. ஆகவே கையை நீட்டுவதைப் பேராசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு? 10 திர்ஹாம் சரியான தொகை, கொஞ்ச நேரம் நின்று பல படம் எடுத்தால் 20. ஒரு திர்ஹாம் நம் காசில் ஒன்பது பத்து ரூபாய் என்று வைத்துக்கொள். முக்கியம், கேமராவைத் தூக்குவதற்கு முன்னாலேயே காசைக் காட்டிப் பேசி முடித்துவிட வேண்டும். எடுத்த பிறகு பேசினால் 100 கேட்பார், 200 கேட்பார், நீயும் கத்துவாய், அவரும் கத்துவார். ஏடிஎம்மில் வருவதெல்லாம் 100, 200 தாள்தான். அதைப் பாம்பாட்டியிடம் நீட்டிவிட்டு மீதி வரும் என்று காத்திருப்பது நடக்கிற கதை இல்லை. ஆரஞ்சு ஜூஸ் வண்டி, ரொட்டிக் கடை, ரயில் நிலையக் கடை என்று போகிற இடத்திலெல்லாம் மாற்றிச் சில்லறையை ஒரு தனிப் பையில் போட்டுக்கொள். திர்ஹாம் இங்கே மாற்றிக்கொண்டு போகிற பணமும் இல்லை, அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

நேரம் கேட்டாயே. காலையில் அந்த இடம் கிட்டத்தட்ட காலி மைதானம், ஜூஸ் வண்டிகளும் நாலைந்து குடைகளும்தான். எல்லோரும் ராத்திரிக்குப் போகிறார்கள். நான் சொல்வது நாலு, நாலரை மணிக்குப் போ என்று. அப்போதுதான் சாப்பாட்டுக் கடைகளை வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து மாட்டி நிறுத்துவார்கள். இரும்புக் கம்பி, பலகை, காஸ் சிலிண்டர், எண் எழுதின போர்டு, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டே ஓடுகிற சமையல்காரர். அந்த ஒரு மணி நேரம் யாரும் உன்னைக் கூப்பிடவும் மாட்டார்கள், காசும் கேட்க மாட்டார்கள், கை வேலையில் இருக்கும். உன் தாதர் பழக்கம் அங்கே அப்படியே செல்லும்.

கல்யாண் லோக்கல்

மாமா சொல்வதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு இல்லை. காசு கொடுத்து எடுத்த படத்தில் என்ன இருக்கும்? தொப்பியைச் சரி செய்துகொண்டு பல்லைக் காட்டி நிற்கிற ஆள். உலகத்தில் எல்லோரிடமும் அந்தப் படம் இருக்கிறது. தெருப் படம் என்றால் கேட்காமல் எடுப்பதுதான், கேட்ட அந்த நொடியிலேயே படம் போய்விடும். கேமராவை இடுப்பில் தொங்கவிட்டு, ஃபோகஸை இரண்டு மீட்டரில் நிறுத்தி, லென்ஸ் துளையை எஃப் 8-இல் வைத்து நடந்துகொண்டே அழுத்துங்கள். 35 எம்எம்முக்கு அது போதும். யாருக்கும் தெரியாது.

மாட்டுங்கா மாமா

தெரியும் தம்பி. நாள் முழுக்க கேமராவைப் பார்த்தே பிழைக்கிறவர்களுக்கு இடுப்பில் தொங்குகிற கேமரா தெரியாமலா இருக்கும்? அதோடு, அங்கே வாங்க வருகிற உள்ளூர்ப் பெண்கள் நிறையப் பேர் படம் எடுப்பதை விரும்புவதில்லை, கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொண்டால் விட்டுவிட வேண்டியதுதான், இடுப்பிலிருந்து திருடி எடுக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

நீ சொல்கிற இயல்பான முகம் வேண்டுமா, அதற்கு வேறு வழி இருக்கிறது. ஹல்கா என்று வட்டமாகக் கூட்டம் கூடி நிற்கும், நடுவில் கதை சொல்கிறவரோ, கோமாளித்தனம் செய்கிறவரோ, வாத்தியம் வாசிக்கிறவரோ இருப்பார். பயணிகள் எல்லோரும் நடுவில் இருப்பவரை எடுப்பார்கள். நீ காசைப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பக்கத்து முகங்களைப் பார். ஜெல்லாபா என்கிற நீள அங்கி போட்ட கிழவர், சைக்கிளைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நிற்கிற பையன், கடையை விட்டுவிட்டு வந்த ஆள். நடுவில் நடப்பதில் லயித்துப் போயிருப்பார்கள். காசு கொடுத்து உட்கார்ந்த பார்வையாளராக நீ இருப்பதால் வட்டத்தை நடத்துகிறவரும் ஒன்றும் சொல்வதில்லை.

சயான் ஷட்டர்

காசுச் சண்டை ஓயட்டும், நான் வெளிச்சத்தைச் சொல்கிறேன்.

சதுக்கத்தின் கிழக்கு ஓரம் கஃபே டி ஃபிரான்ஸ் மாடி. அங்கிருந்து மேற்கே பார்த்தால் முழுச் சதுக்கமும் கீழே, தூரத்தில் குதுபிய்யா மசூதியின் மினார், அதற்குப் பின்னால் சூரியன் இறங்கும். 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், ஏறக்குறைய 77 மீட்டர் உயரம், அதைச் சுற்றி வேறு உயரக் கட்டடம் எதுவும் இல்லாததால் வானத்தில் தனியாக நிற்கும். தெற்குப் பக்கம் கஃபே கிளேசியர் மாடியும் உண்டு, அங்கிருந்து கடைகளின் வரிசை நன்றாகத் தெரியும். அக்டோபர் கடைசியில் சூரியன் மறைவது ஆறே முக்கால் வாக்கில். ஐந்தரைக்கே ஏறிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நாற்காலி பிடித்தால்தான் உண்டு, ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு அடுத்தவர் தலைதான் படத்தில் வரும். மறைந்த பிறகு கேமராவை மூடிவிடாதீர்கள். அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடம் வானம் நீலமாகவும் கீழே பல்புகள் மஞ்சளாகவும் இரண்டும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும், எல்லோரும் பார்த்த அந்தப் படம் அப்போதுதான் கிடைக்கும். 70-200-ஐ அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் எடுத்துப் போகலாம், மாடியிலிருந்து கடைகளையும் புகையையும் நெருக்கி அடுக்க அது உதவும். சந்துகளுக்குள் அது வெறும் சுமை. டிரைபாட் வேண்டவே வேண்டாம், கைப்பிடிச் சுவரில் கேமராவை அழுத்திப் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/10 நொடி வரை சமாளிக்கலாம்.

கீழே ராத்திரியில் கடைகளுக்கு நடுவே இறங்கினால் ஒரு தொல்லை இருக்கிறது, இதை யாரும் எழுதுவதில்லை. இப்போது நிறையக் கடைகளில் எல்இடி பல்புதான். மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டு 1/250 வைத்தால் படம் முழுக்கக் கறுப்பு வரி விழும். அங்கேயும் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதனால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி 1/50 அல்லது 1/100-இல் நில்லுங்கள். வெளிச்சத்தைக் கூட்டுகிற ஐஎஸ்ஓ எண்ணை 3200-இல் தாராளமாக வையுங்கள், புகை இருக்கிற படத்தில் அதனால் வரும் புள்ளிகள் கண்ணில் படாது. பல்பு உங்கள் பின்னால் இருந்தால் புகை வெறும் சாம்பல் மூட்டம். பல்புக்கும் உங்களுக்கும் நடுவில் புகை வருகிற மாதிரி நகர்ந்து நின்றால் அது ஒளிரும், அதற்கு முன்னால் சமையல்காரர் நிழலாக வருவார். இதை இங்கேயே பழகலாம், முகமது அலி ரோட்டில் சாயங்காலம் கபாப் கடை அடுப்புப் பக்கம் போய் நில்லுங்கள்.

க்னாவாக்காரர்களுக்கு இன்னொன்று. கையில் இரும்புத் தாளம், சோழி தைத்த தொப்பி, தொப்பி உச்சியில் ஒரு நீளக் குஞ்சம். தாளம் ஏற ஏறக் கழுத்தை மட்டும் சுழற்றுவார்கள், குஞ்சம் தலைக்கு மேல் வட்டமடிக்கும், முகம் அவ்வளவாக அசையாது. 1/15 வைத்துப் பாருங்கள், முகம் தெளிவாகவும் குஞ்சம் ஒரு சக்கரமாகவும் வரும். ஒன்றிரண்டில் வராது, நிறைய எடுக்க வேண்டும். அதனால் முதலிலேயே 20 திர்ஹாம் போட்டுவிடுங்கள், இதில் நான் மாமா கட்சி.

சூக் சந்துகளில் கணக்கே வேறு. சதுக்கத்தை விட்டு வடக்கே ஏறுகிற பெரிய சந்து சூக் செம்மாரின். மேலே பட்டை பட்டையாகச் சட்டம் அடித்திருப்பதால் உச்சி வெயிலில் தரையிலும் ஆட்கள் மேலும் வரி வரியாக வெளிச்சம் விழும். மற்ற இடங்களில் மதியம் வேஸ்ட், அங்கே மதியம்தான் சரக்கு. வெயில் பட்ட இடத்துக்கு வெளிச்ச அளவு வைத்து, நிழல் கறுத்துப் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். இன்னும் உள்ளே போனால் சாயக்காரர் சூக், கம்பளி நூல் கண்டுகளைச் சாயத்தில் முக்கித் தலைக்கு மேலே குறுக்காகத் தொங்கவிட்டிருப்பார்கள். நல்ல நிறம்தான், ஆனால் அதன் கீழே நின்று எடுத்துக்கொள்வதற்கும் இப்போது வரிசை. எனக்குப் பிடித்தது கொல்லர்கள் இருக்கிற ஹத்தாதின் பக்கம், இருட்டுக் கடை, உள்ளே வெல்டிங் பொறி, வாசலில் விளக்குக் கூடுகள். அங்கே சலாம் சொல்லிவிட்டு "மும்கின் சூரா" (படம் எடுக்கலாமா) என்று கேட்டால் பாதிப் பேர் "வாக்கா" (சரி) என்று தலையாட்டிவிடுவார்கள், காசும் கேட்பதில்லை.

பைகுல்லா பால்கனி

பாம்பையும் குரங்கையும் பற்றி யாருமே பேசவில்லையே. சங்கிலி போட்டு ஜட்டி மாட்டி இழுத்து வருகிற அந்தக் குரங்கு பார்பரி மக்காக், அழியும் அபாயத்தில் இருக்கிற இனம், அட்லஸ் மலைக் காட்டிலிருந்து குட்டியாகப் பிடித்து வருகிறார்கள். பாம்புகளும் காட்டிலிருந்து பிடித்தவைதான், சிலதுக்கு வாயைத் தைத்துவிடுவதும் உண்டு. நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்திலேயே பாம்பாட்டி வேலை தடையாகிவிட்டது, அங்கே போய் அதே வேலைக்கு 20 திர்ஹாம் கொடுத்துவிட்டு வந்து கலாச்சாரம் என்று படம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீர்க்காரருக்குக் கொடுங்கள், பாட்டுக்காரருக்குக் கொடுங்கள், இதற்குக் கொடுக்காதீர்கள். கொடுக்காமல் எடுக்கவும் செய்யாதீர்கள்.

நடைமுறையில் ஒன்று. பாம்பாட்டியின் குழல் சத்தம் கேட்டால் அவர் உட்கார்ந்திருக்கிற குடையைச் சுற்றி நல்ல தூரம் விட்டு நடங்கள். பக்கத்தில் போனால் கேட்காமலே கழுத்தில் பாம்பைப் போட்டுவிடுவார்கள், அதைக் கழற்றத்தான் காசு.

மாட்டுங்கா மாமா

குரங்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பாம்பாட்டிகள் பற்றி எனக்கு இன்னும் மனம் ஒரு பக்கம் சாயவில்லை. ஐஸாவா என்கிற பக்தி மரபோடு வருகிற தலைமுறைத் தொழில், அவர்களுக்கு மாற்று வேலை யார் கொடுக்கப் போகிறார்கள். ஆனால் செம்பூர்ப் பெண் கேட்டது படம் பற்றி, அந்தப் படம் ஏற்கெனவே லட்சம் இருக்கிறது. விட்டுவிடலாம்.

டோம்பிவிலி அக்கா

இரண்டு பெண்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஆண்கள் எல்லோரும் ஷட்டர் ஸ்பீடில் இருக்கிறீர்கள்.

நானும் என் நாத்தனாரும் போனோம். பத்து மணி வரை சதுக்கத்துக்குள் இருப்பதில் பயம் ஒன்றும் இல்லை, குடும்பம் குடும்பமாக உள்ளூர்க்காரர்களே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், மஃப்டியில் சுற்றுலாப் போலீஸ் சுற்றுகிறது. தொந்தரவு உண்டு, அது வாய்த் தொந்தரவு. சாப்பாட்டுக் கடை ஆட்கள் மெனு அட்டையோடு வழி மறிப்பார்கள். நம் முகத்தைப் பார்த்த உடனே "ஹிந்தி? ஷாருக் கான்!" என்று ஆரம்பம், அப்புறம் பாட்டு. அங்கே இந்திப் படம் என்றால் உயிர், மராகேஷ் திரைப்பட விழா நடக்கும்போது அந்தச் சதுக்கத்திலேயே பெரிய திரை கட்டிப் படம் போடுவார்கள். எரிச்சல்பட வேண்டாம், சிரித்துக்கொண்டே "லா ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். நின்றால் பத்து நிமிடம் போச்சு.

மருதாணிக்காரப் பெண்கள் கையைப் பிடித்து வரைய ஆரம்பித்துவிடுவார்கள், கையைப் பையின் வாரில் வைத்துக்கொண்டு நடங்கள். ஆசையாக இருந்து போட்டுக்கொள்வதானால் விலை பேசி, பழுப்பு மருதாணிதானா என்று பார்த்துப் போடுங்கள். கறுப்பு நிறத்தில் வைப்பதில் தலைச்சாயக் கெமிக்கல் கலந்திருக்கும், தோல் வெந்துபோன கதைகள் நிறைய.

ராத்திரி கவனம் சூக்குக்குள்தான். கடைகள் மூடின பிறகு எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கும். பகலிலும் பையன்கள் வந்து "இந்த வழி மூடியிருக்கு, சதுக்கம் அந்தப் பக்கம்" என்பார்கள், பின்னால் போனால் கிழக்கே பாப் தெப்பாக் தோல் பதனிடும் இடத்தில் கொண்டு நிறுத்திக் காசு கேட்பார்கள். போனில் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள், சும்மா நிற்கிறவரிடம் கேட்க வேண்டாம். அந்தச் சந்துகளில் ஸ்கூட்டர், மொபெட், கழுதை வண்டி எல்லாம் வரும். "பாலக்!" (வழி விடு) என்று பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், சுவரோடு ஒட்டுங்கள். கேமராவைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுங்கள். போலீஸ், ராணுவம், அரண்மனைக் காவல் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, குதுபிய்யாவை அதைச் சுற்றி இருக்கிற தோட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பழைய படங்களைப் பார்த்து இடம் தேடினால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும், சதுக்கத்து ஓரத்துக் கர்பூஷ் மசூதியின் மினார் 2023 செப்டம்பர் நிலநடுக்கத்தில் இடிந்தது.

சாப்பாட்டில் எனக்குக் கிடைத்த படம் நத்தை சூப் வண்டி. நாங்கள் சாப்பிடவில்லை, சைவம். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பெரிய பாத்திரத்தில் மூலிகை வாசனையோடு கறுப்புத் தண்ணீர் கொதிக்கிறது, அவர் ஒரு கரண்டி அள்ளிச் சின்னக் கிண்ணத்தில் கவிழ்க்கிறார், ஓடெல்லாம் கலகலவென்று விழுகிறது. ஆபீஸ் முடிந்து வந்த ஒருவர் பல்குச்சியால் ஒவ்வொன்றாகச் சுழற்றி இழுத்துச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றைக் குடிக்கிறார், ஆவியில் அவர் கண்ணாடி மூடிக்கொள்கிறது. கேட்டேன், தலையாட்டினார், காசு பேச்சே இல்லை. சைவத்துக்கு ரொட்டி, ஆலிவ், காய்கறிக் குஸ்குஸ் (ரவை மாதிரி ஒரு சாப்பாடு) கிடைக்கும், ஹரிரா சூப்பில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

செம்பூர் ஃப்ரேம்

அக்கா, மாமா, எல்லோருக்கும் நன்றி. ட்ரோன் இல்லை, டிரைபாட் இல்லை, குரங்கும் இல்லை. 70-200 விஷயத்தில் தங்கைதான் சுமக்கப் போகிறாள் என்பதால் அவளிடம் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஒன்றே ஒன்று, அந்த ஹல்கா வட்டத்தில் காசு எப்போது போடுவது? உட்கார்ந்த உடனேயா, கிளம்பும்போதா? பாஷை புரியாமல் நடுவில் எழுந்தால் மரியாதைக் குறைவா?

மாட்டுங்கா மாமா

கதை சொல்கிறவர்கள் இப்போது அரிது, பெரும்பாலும் இசையும் கோமாளிக் கூத்தும்தான். இரண்டிலும் ஒரே தந்திரம், சூடு பிடிக்கிற இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டுத் தொப்பியோடு சுற்றி வருவார்கள். அப்போது 5 திர்ஹாம் போடு, படம் எடுக்கிறாய் என்றால் 10. போட்ட பிறகு எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் வந்து வந்து போவார்கள். தொப்பி வருவதைப் பார்த்ததும் நழுவுகிறவர்களைத்தான் மைக்கிலேயே கிண்டல் செய்வார்கள், அதற்குப் பாஷை புரிய வேண்டாம்.

சயான் ஷட்டர்

நம் மூன்று பின் பிளக் அங்கே சுவரில் ஏறாது. இரண்டு பின் அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பாட்டரியும் ஒன்று கூடுதலாக.